மிச்ச எட்டு மாசம்

“ஒண்ணுமே வரலையே, அப்புறம் எதுக்கு எழுதறே?”

“வரலைங்கறதைத்தானுங்க எழுதறேன்.”

“வராததுக்கு ஒரு பக்கமா?”

“வராத நாளை எழுதாம விட்டா, வந்த நாளை எழுதினதுக்கு என்னங்க மதிப்பு?”

பதினோரு வருஷத்துக்கு முந்தைய பேச்சு. மைசூரின் வெளிவட்டச் சாலையைத் தாண்டி இருக்கும் சிக்கண்ணன் கெரே என்ற ஏரியின் கரையில், ஜூலை மாதத் தூறலில், ஒரே குடைக்குள் நின்றுகொண்டு சுலோசனாவும் முரளிதரனும் பேசியது. இரண்டு பேரும் அப்போது பறவை ஆராய்ச்சி மாணவர்கள். ஏரி நடுவே சின்னதாக ஒரு தீவு, அதில் பதினோரு கருவேல மரங்கள். குளிர்காலம் தொடங்கினால் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் எங்கிருந்தோ வந்து அந்த மரங்களில் இடம் பிடித்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, கோடை முடிந்ததும் போய்விடும். மழைக்காலத்தில் மரங்கள் காலியாக நிற்கும். காலியான ஒவ்வொரு மரத்துக்கும் நேராக சுலோசனா பென்சிலால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தாள். நோட்டு ஈரமானால் பேனா மை கரைந்துவிடும் என்பதால் எப்போதும் பென்சில்தான்.

முரளி சிரித்தான்.

“ஏனுங்க சிரிக்கறீங்க?”

“ஜீரோவை இவ்வளவு அழகா எழுதற பொண்ணை நான் பார்த்ததே இல்ல. அது சரி, எனக்கும் ஒரு ‘ங்க’, நாரைக்கும் ஒரு ‘ங்க’. ‘அதோ பறக்குறாங்க’ன்னு அன்னைக்கு சொன்னியே, ஞாபகம் இருக்கா? எனக்குன்னு தனியா ஒரு மரியாதை கிடையாதா?”

“நாரைங்க நேரத்துக்கு வருவாங்க. நீங்க லேட்டா வர்றீங்க.”

“இனிமே நேரத்துக்கு வரேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?”

ஆறாவது மரத்தின் பூஜ்யத்தில் பென்சில் முனை ஒடிந்தது. பக்கத்தின் ஓரம்வரை ஒரு கீறல் இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் அந்தக் கீறலை அழிக்கவில்லை. பென்சிலைச் சீவி, மிச்சம் ஐந்து பூஜ்யங்களையும் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“சரிங்க” என்றாள்.

அவன் பூரித்துப் போனான். “உனக்கு என்ன வேணும், கேளு. எதுவானாலும் செய்யறேன்.”

“இப்ப ஒண்ணும் வேண்டாமுங்க. வேணுங்கறப்ப கேக்கறேன். அன்னைக்கு ஏன்னு மட்டும் கேக்கக் கூடாது.”

“ப்ராமிஸ்.”

அந்த நாள் வரவே இல்லை. மூன்றாம் வருஷம் முரளி ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு, கட்டுமானத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அப்போது ‘வேண்டாமுங்க’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் டாக்டர் பட்டம் வாங்கிய அன்று அவன் பெங்களூரில் ஏதோ மீட்டிங்கில் இருந்தான். அதையும் அவள் பெரிதுபடுத்தவில்லை. கேட்காமல் வைத்திருந்த அந்த ஒன்று, பீரோவின் அடித்தட்டில் தாய்வீட்டுப் பட்டுப்புடவை இருப்பதுபோல அவளிடம் பத்திரமாக இருந்தது. இருக்கிறது என்பதே ஒரு தைரியம்.

இந்த வருஷம் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை அவள் வழக்கம்போல ஏரிக்குப் போனாள். இப்போது அவள் ஒரு சிறிய ஆய்வு அறக்கட்டளையில் பறவை ஆய்வாளர். ஆனால் சிக்கண்ணன் கெரேயில் மாதம் இரண்டு முறை கூடுகளை எண்ணுவது மட்டும் அறக்கட்டளை சொல்லாமலே பதினோரு வருஷமாக நடக்கிறது.

ஏரியில் மீன்பிடி உரிமை பசவராஜுக்கு. கோயம்புத்தூர் மில்லில் ஆறு வருஷம் இருந்த மனிதர், அவளைக் கண்டால் தமிழில்தான் பேசுவார். அவள் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே பரிசலைத் தண்ணீரில் தள்ளிவிட்டுக் காத்திருப்பார். அன்று பரிசல் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அவர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

“இன்னைக்குப் பரிசல் இல்ல மேடம்.”

“ஏனுங்கண்ணா, உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. நீங்க எதை எண்ணப் போறீங்க? இங்க பட்சியே இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்தாச்சு, அல்லவா?”

“நானா?”

அவர் பரிசலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இழுத்து, அதிலிருந்த தடிமனான ஜெராக்ஸ் கட்டை அவள் கையில் வைத்தார். “பஞ்சாயத்து ஆபீஸ்ல குடுத்தாங்க. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனா உங்க பேரை வாசிக்கத் தெரியும். எண்ணறப்ப பக்கத்துல குந்திக்கிட்டு எத்தனை தடவை பார்த்திருக்கேன்.”

ஏரி மேம்பாட்டுத் திட்டம். தீவில் படகுத்துறை, இசை நீரூற்று, வண்ண விளக்குகள். அதற்காகப் பதினோரு கருவேல மரங்களையும் வெட்டுவது. ஆட்சேபணை இருந்தால் சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கூட்டத்தில் சொல்லலாம். ஆட்சேபணை நிற்காவிட்டால் திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

அவள் பக்கங்களை வேகவேகமாகத் தள்ளினாள். நான்காவது இணைப்பு. ‘தீவின் மரங்களில் பறவைகள் கூடு கட்டுவதில்லை. பதினோரு ஆண்டுக் களப்பதிவுகள் இதை உறுதி செய்கின்றன. தகவல்: டாக்டர் சுலோசனா.’ அதற்குக் கீழே அவளுடைய நோட்டுப் பக்கங்கள், அவளுடைய கையெழுத்து. ஒவ்வொரு வருஷத்திலும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மட்டும். பக்கத்துக்குப் பக்கம் பூஜ்யம்.

முதல் பக்கத்தில் ஆறாவது பூஜ்யத்திலிருந்து ஓரம்வரை ஒரு கீறல் ஓடியது.

அறிக்கையின் கடைசியில் கம்பெனி முத்திரை. அதன் மேல், தயாரித்தவர் என்ற இடத்தில், வங்கிப் படிவங்களிலும் கல்யாணப் பதிவுப் புத்தகத்திலும் அவள் பார்த்துப் பழகிய கையெழுத்து.

“அஞ்சு வருஷம் மேடம்” என்றார் பசவராஜ். அவர் குரல் உயரவில்லை. அதுதான் சுட்டது. “டிசம்பர் வந்தா தீவுப் பக்கம் வலை போடாதீங்கன்னு சொன்னீங்க. போடல. கூழைக்கடா என் மீனைத்தான் திங்குது, பட்டாசு வெடிச்சு விரட்டலாம்னு என் மச்சான் சொன்னான். குஞ்சு பயந்து கீழ விழுந்துடும்னு நீங்க கெஞ்சினீங்க. அவனைத் திட்டி அனுப்பிட்டேன். ஊருக்குள்ள எனக்கு என்ன பேரு தெரியுமா? பட்சி மாமனார். இப்போ வீட்டுக்காரருக்கு ஒரு வேலை ஆகணும்னதும் நீங்களே…”

“நான் குடுக்கலீங்கண்ணா.”

“கையெழுத்து உங்களது இல்லியா?”

“என்னதுதான்.”

“சரி” என்று அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டார். “நேத்துக் காலையில ஒரு ஜோடி நாரை வந்து தீவைச் சுத்திப் பார்த்துட்டுப் போச்சு. உங்களுக்குச் சொல்லணும்னு போனை எடுத்தேன். அப்புறம் வெச்சுட்டேன்.”

மண்டி மொஹல்லாவில் அவர்கள் வீடு, கீழே பாத்திரக்கடையும் மேலே குடித்தனமுமாக இருக்கும் ஒரு சந்தில். ஸ்கூட்டரைச் சுவரோரமாக நெருக்கி நிறுத்திவிட்டு அவள் படியேறி வந்தபோது மாமியார் சொர்ணலதா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தாள். ஊறவைத்த கொட்டையை விரலால் அழுத்தினால் பருப்பு தோலைவிட்டுத் துள்ளி விழும். பாதி பாத்திரத்தில், பாதி தரையில்.

“வந்துட்டியா? உன் சம்பந்திங்க வந்தாச்சா?” பறவைகளுக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. வருஷா வருஷம் வந்து, ஆறு மாசம் உட்கார்ந்து சாப்பிட்டு, அசிங்கம் பண்ணிவிட்டு, சொல்லாமல் போகிறவர்களை வேறென்ன சொல்ல என்பாள்.

“அத்தை, என் நோட்டையெல்லாம் அவரு எடுத்தாருங்களா?”

“நீதானே எடுக்கச் சொன்னே?”

“எப்பங்க?”

“ஆயுத பூஜை அன்னைக்குத்தான். நீ நோட்டெல்லாம் அடுக்கி, சந்தனம் குங்குமம் வெச்சுட்டு உங்கம்மாவைப் பார்க்க ஹனூர் பஸ் ஏறினே பாரு, அன்னைக்கு மத்தியானம். பூஜையில இருந்து எடுத்து மொட்டை மாடியில வெயில்ல வெச்சு, ஒவ்வொரு பக்கமா போன்ல படம் புடிச்சான். நான் சும்மா விடுவேனா? ‘பூஜையில வெச்ச புஸ்தகத்தை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாதுடா, உனக்குப் படிப்பு வராததே அதனாலதான்’னு சத்தம் போட்டேன். ‘சுலோதான் கேட்டாம்மா, அர்ஜெண்ட்’னான். சாயந்திரம் திரும்ப அப்படியே அடுக்கிட்டான். ஏன்டி, நீ கேக்கலியா?”

விரல்களுக்கு இடையில் ஒரு கொட்டை பிதுங்காமல் நின்றது. சொர்ணலதா மருமகளின் முகத்தைப் பார்த்தாள். வாய் ஓயாத மனுஷி, குனிந்து தரையில் கிடந்த பருப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அறைக்குள் போய் சுலோசனா அலமாரியைத் திறந்தாள். பதினோரு நோட்டுகள், எல்லாவற்றின் அட்டையிலும் காய்ந்த சந்தனம். வரிசை மாறவில்லை. ஒரு நோட்டுகூடக் கோணலாக இல்லை. விஜயதசமி அன்று ஊரிலிருந்து திரும்பி வந்து, இந்த அடுக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் அவனும் நின்று ஒற்றிக்கொண்டான்.

சாயந்திரம் முரளி வந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைக்கப் போனவன், அங்கே ஜெராக்ஸ் கட்டு இருப்பதைப் பார்த்தான். கடிகாரம் அவன் கையிலேயே இருந்தது.

“பசவராஜண்ணா குடுத்தாருங்க” என்றாள்.

“சுலோ, நானே சொல்லணும்னு இருந்தேன்.”

“எப்பங்க? மரம் விழுந்தப்புறமா?”

“கோபப்படாம கேளு. அதுல ஒரு வரிகூடப் பொய் இல்ல. நீ எழுதினதுதான் இருக்கு.”

“மிச்ச எட்டு மாசம் எங்கீங்க?”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். “மழைக்கால சர்வேதான் அவங்க கேட்டாங்க. எங்களுக்குக் கிடைச்ச டைம் அவ்வளவுதான். எங்க கம்பெனி பண்ணலேன்னா வேற ஒருத்தன் பண்ணுவான். அவன் ஏரிப் பக்கமே வராம, ரூம்ல உக்காந்து எழுதுவான். உனக்குத் தெரியாததா?”

“தெரியாதுங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. என் பேரை எதுக்குப் போட்டீங்க?”

தெருவில் ஒரு ஆட்டோ பின்னால் போக முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“உன் பேர் இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு” என்றான் மெதுவாக.

அவளுக்கு அழுகை வரவில்லை. பதினோரு வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்று, ஒரு எண்ணைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி எழுதிச் சம்பாதித்த பெயர். அதை இவன் முத்திரைக்கட்டை மாதிரி எடுத்துக் குத்திவிட்டு, துடைத்து வைத்துவிட்டான்.

“பறவைதானே சுலோ. மரம் இல்லேன்னா வேற கெரேக்குப் போகும். ஊர்ல ஏரிக்கா பஞ்சம்?”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கல்யாணத்துக்கு முந்தைய மார்ச் மாதம், கூட்டிலிருந்து தவறி விழுந்த ஒரு நாரைக்குஞ்சை எடுக்க, நீச்சல் தெரியாத இவன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கினான். சட்டையைக் கழற்றி அதில் சுற்றிக்கொண்டு வந்தான். குஞ்சு அவன் தோளில் ஏகத்துக்கும் கக்கி வைத்தது. ‘சம்பந்தி மரியாதை’ என்று சிரித்தான். மாமியார் இன்றைக்கும் சொல்கிற வார்த்தை அவன் கொடுத்ததுதான். அந்த முரளி எந்த மாதம், எந்தத் தேதியில் வராமல் போனான்? அதை அவள் எந்த நோட்டிலும் குறித்து வைக்கவில்லை.

“அந்த முதல் பக்கத்தையுமா குடுத்தீங்க?”

“எந்த முதல் பக்கம்?”

“நாலாவது இணைப்போட முதல் பக்கம்.”

அவன் கட்டைப் புரட்டி, அந்தப் பக்கத்தைப் பார்த்தான். புரியாமல் அவளைப் பார்த்தான். “ஜூலை. பதினோரு ஜீரோ. ஏன்? ஜெராக்ஸ்ல ஏதோ கோடு விழுந்திருக்கு, அதைச் சொல்றியா?”

தெரிந்தே கொடுத்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. இப்போதே, இங்கேயே, அந்தப் பழைய வாக்கை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட வேண்டும் என்று. ஆனால் நாலு சுவருக்குள் கேட்டால் நாலு சுவருக்குள்ளேயே ‘முடியாது சுலோ’ என்று சொல்லிவிடுவான். சொல்லிவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் என்ன மிச்சம் இருக்கும்? அவன் கையிலிருந்த கட்டை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

“சாப்பிட வாங்க ரெண்டு பேரும்” என்று கூடத்திலிருந்து சொர்ணலதா கூப்பிட்டாள். “நாள் முழுக்கப் பிதுக்கியிருக்கேன். ஆறினா நான் பொறுப்பில்ல.”

சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொர்ணலதாவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் நோட்டுகளுடன் உட்கார்ந்திருந்தாள். நவம்பரிலிருந்து ஜூன்வரை எல்லாம் இருந்தது. போன மார்ச்சில் மட்டும் அறுபத்திரண்டு கூடுகள். இதை நாளைக்கு மேஜைமேல் வைத்தால் போதும் என்று முதலில் நினைத்தாள். அப்புறம் அவளே அதிகாரியின் நாற்காலியில் தன்னை உட்காரவைத்துப் பார்த்தாள். பென்சில் எழுத்து. நேற்று ராத்திரி எழுதினாலும் அப்படித்தான் இருக்கும். பசவராஜ் சாட்சி சொன்னாலும், இந்த நோட்டுகளில் அவருக்கு வாசிக்கத் தெரிந்தது அவள் பெயர் மட்டும்தான். மழைக்குப் பயந்து பென்சிலில் எழுதியவள், மனிதர்களுக்குப் பயப்பட வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பன்னிரண்டு மாதத்தையும் ஒன்றாகப் பார்த்து, நான்கை மட்டும் எடுத்து, எட்டை விட்டுவந்த ஒரே ஆள் வாயைத் திறந்தால்தான் உண்டு. அந்த ஆள் கூடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நாளைய கூட்டத்துக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். கூட்டம் நடந்தது கன்னடத்தில். அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், பொறுமையாகத்தான் கேட்டார். அவருக்கு வலப்பக்கம் கம்பெனியின் மேலாளர். அவருக்கும் பக்கத்தில், இஸ்திரி போட்ட நீலச்சட்டையில் முரளி. அந்தச் சட்டையை இஸ்திரி போட்டவள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். பசவராஜ் கதவோரம் நின்றார். அவள் கும்பிட்டதற்கு அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அவள் முறை வந்தது. எழுந்து, பதினோரு நோட்டுகளையும் மேஜைமேல் வைத்தாள்.

“நாலாவது இணைப்பில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஆமாம்.”

“ஜூலையிலிருந்து அக்டோபர்வரை தீவில் கூடு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா, பொய்யா?”

“உண்மை. ஆனால்…”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “எழுதினதும் இவங்களே, எதுக்கறதும் இவங்களே” என்றது ஒரு குரல். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். பசவராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“மீதி எட்டு மாதமும் இந்த நோட்டுகளில் இருக்கிறது. பாருங்கள்” என்றாள் சுலோசனா.

அதிகாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே சொன்னார். “மேடம் பெரிய படிப்பாளி. நான் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் இது பென்சில். எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். எங்களுக்குக் கிடைத்த பக்கங்கள் இணைப்பில் இருப்பவை மட்டும்தான்.”

“அப்படியா?” என்று அதிகாரி முரளியிடம் கேட்கவில்லை. நோட்டைத்தான் மூடினார். “அம்மா, இவை அப்போதே எழுதப்பட்டவை என்று சொல்ல, முன்பே பார்த்த யாராவது இருக்கிறார்களா? உங்களைத் தவிர.”

மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிட்டது.

முரளி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாம் வருஷத்து நோட்டு அவனுக்கு எதிரே கிடந்தது. சுலோசனா அதன் பக்கம் கையை நீட்டி, ஜூலைப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள். ஜெராக்ஸில் வெறும் கோடாகத் தெரிந்தது, காகிதத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. ஒடிந்த முனையின் கரித்துகள் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. அவன் விரல் தானாக அந்தப் பள்ளத்தின்மேல் போய் நின்றது. அப்புறம்தான் நிமிர்ந்தான். அவன் கண்களில் தூறலும் குடையும் வந்து நின்றதை அவள் பார்த்தாள். இரண்டு நாள் தாமதம். பரவாயில்லை, லேட்டாக வருவது அவன் வழக்கம்.

அவன் உண்மையைச் சொன்னால் இன்றைக்கே வேலை போகும். ஒருவேளை இனிமேல் இந்தத் தொழிலில் அவனை யாரும் சேர்க்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை மரங்கள் விழும், அவளுடைய பெயரால் விழும். அதற்குமேல் மண்டி மொஹல்லா வீட்டின் படிகளை அவள் ஏறுவாளா என்று அவளுக்கே தெரியாது. எல்லாம் தெரிந்துதான் அவனுக்கு நேராகத் திரும்பி நின்றாள். அத்தனை பேர் நடுவிலும் அவளுக்குத் தமிழ்தான் வந்தது.

“பதினோரு வருஷமா நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலீங்க. இன்னைக்குக் கேக்கறேன். ஏன்னு கேக்காதீங்க. எந்திரிச்சு நின்னு, என் நோட்டுல நீங்க பார்த்த மிச்ச எட்டு மாசத்தையும் இவங்க முன்னாடி நீங்களே சொல்லுங்க.”